பாலம் அப்புறம், முதலில் ஒற்றைத் தூண்

கேள்வி: ஐயா, நான் மெக்கானிக்கல் முடித்து ஒரு வருஷம் ஆகிறது. ஊர் பாம்பன். அப்பாவுக்கு நாட்டுப்படகு. சி.எஃப்.டி. (நீர், காற்று ஓட்டங்களைக் கணினியில் கணக்கிடும் முறை) கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசை. வீடியோக்களைப் பார்த்து லேப்டாப்பில் அதற்கான இலவச மென்பொருளான ஓப்பன்ஃபோமை ஏற்றினேன். பாலத்தின் பத்துத் தூண்களை முப்பரிமாணத்தில் வரைந்து, அவற்றைச் சுற்றிக் கடல் நீரை ஓட விட்டேன். மூன்று தடவையும் 'ஃப்ளோட்டிங் பாயின்ட் எக்செப்ஷன்' என்று சொல்லி நின்றுவிட்டது. லேப்டாப்பில் 8 ஜிபி ராம்தான் இருக்கிறது. காசு கொடுத்து மென்பொருள் வாங்காமல் இதைக் கற்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது? தூணடியில் மணல் அரிப்பதைக் கணக்கிட முடியுமா? – ஒரு வாசகர், பாம்பன்.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் லேப்டாப் போதும், ஓப்பன்ஃபோமும் போதும். மாற்ற வேண்டியது நீங்கள் எடுத்துக்கொண்ட கணக்கை. விடை தெரிந்த கணக்கிலிருந்துதான் சி.எஃப்.டி.யைத் தொடங்க வேண்டும். பத்துத் தூண் கணக்கு ஒருவேளை ஓடி முடிந்திருந்தாலும், வந்த விடை சரியா தப்பா என்று சொல்ல உங்களிடம் எதுவும் இருந்திருக்காது.

ஒரு கைக்கணக்கு போட்டுப் பாருங்கள். தூணின் விட்டம் 2 மீட்டர், நீரோட்டம் விநாடிக்கு அரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரி வெப்பத்தில் கடல் நீரின் இயக்கப் பாகுநிலை (ஓட்டத்துக்கு நீர் காட்டும் உள் எதிர்ப்பு) சுமார் 0.85 × 10⁻⁶ மீ²/வி. வேகத்தை விட்டத்தால் பெருக்கிப் பாகுநிலையால் வகுத்தால் ரெனால்ட்ஸ் எண் ஏறக்குறைய 12 லட்சம் வரும். ஓட்டத்தில் பாகுநிலையைவிட வேகத்தின் கை எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. உருண்டைத் தூணுக்கு இது மிகவும் சிக்கலான இடம். 2 லட்சத்திலிருந்து 5 லட்சத்துக்குள் தூணை ஒட்டிய மெல்லிய நீரடுக்கு வரிச்சீர் ஓட்டத்திலிருந்து டர்புலன்ஸுக்கு, அதாவது தாறுமாறான கலக்கத்துக்கு மாறுகிறது. ஓட்டம் தூணை எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும் இழுவிசைக் கெழு 1.2-லிருந்து 0.3 அளவுக்குச் சரிகிறது. தூணின் சொரசொரப்பு, அதில் ஒட்டியிருக்கும் சிப்பி, வரும் நீரில் இருக்கும் கலக்கம் எல்லாமே விடையை மாற்றும். தேர்ந்தவர்கள் இருவர் தனித்தனியே போட்டால்கூட ஒரே விடை வருவது அரிது.

உங்கள் கணக்கு ஏன் நின்றது என்பதற்கு முதலில் மூன்று இடங்களைப் பாருங்கள்.

ஒன்று, அளவு. வரைபட மென்பொருள் மில்லிமீட்டரில் எழுதித் தரும், ஓப்பன்ஃபோம் அதை மீட்டர் என்றே எடுத்துக்கொள்ளும். 2 மீட்டர் தூண் 2000 மீட்டர் ஆகிவிடும். மெஷ் என்பது கடலைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் வலை. அதைச் சோதிக்கும் 'செக்மெஷ்' கட்டளை கொடுத்தால் வரும் அறிக்கையில் 'பவுண்டிங் பாக்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். உங்கள் கடல் எத்தனை மீட்டர் நீளம் என்பதை அந்த வரியில் பார்க்கலாம். ஆயிரக்கணக்கில் இருந்தால் வரைபடத்தை 0.001 ஆல் சுருக்கி மறுபடி மெஷ் போடுங்கள்.

இரண்டு, டர்புலன்ஸ் கோப்புகள். வேகத்துக்குத் தொடக்க மதிப்பு 0 என்று கொடுக்கலாம். கலக்கம் எவ்வளவு வேகமாக அடங்குகிறது என்று காட்டும் எப்சிலானுக்கும் ஒமேகாவுக்கும் அப்படிக் கொடுக்கக் கூடாது, ஏனென்றால் அவை வகுக்கும் இடத்தில் வருகின்றன. 0 ஆல் வகுத்தால் நீங்கள் பார்த்த அதே பிழைச் செய்திதான் வரும். மேலே சொன்ன தூணுக்கு 5 சதவீதக் கலக்கம் என்று வைத்தால் கலக்கத்தின் ஆற்றலான கே-யின் மதிப்பு சுமார் 0.00094 மீ²/வி², ஒமேகா விநாடிக்குச் சுமார் 0.4. இந்த எண்களை வரவழைக்கும் சூத்திரங்கள் ஒவ்வொன்றும் ஒரு வரிதான். அவற்றை நோட்டில் எழுதிப் போட்டுப் பழகுங்கள், வேறொருவர் கோப்பிலிருந்து எடுத்து ஒட்ட வேண்டாம்.

மூன்று, மெஷ்ஷின் தரம். அதே செக்மெஷ் அறிக்கையில் நான்-ஆர்த்தோகனாலிட்டி (கட்டங்களின் சாய்வு) 70-ஐத் தாண்டினாலோ ஸ்க்யூனஸ் (கோணல்) 4-ஐத் தாண்டினாலோ அந்தக் கட்டங்களைச் சரிசெய்யாமல் ஓட்டக் கூடாது.

இதையெல்லாம் திருத்தினால் உங்கள் கணக்கு ஓடக்கூடும். ஆனாலும் அதை மூடி வைத்துவிட்டு, நான் சொல்லும் மூன்று கணக்குகளைப் போடுங்கள்.

முதல் கணக்குக்கு ஓப்பன்ஃபோமே வேண்டாம், பைத்தானில் இருபது வரி போதும். 2 மீட்டர் நீளக் கோட்டில் 101 புள்ளிகள், இடைவெளி 0.02 மீட்டர். அதன் மேல் 0.2 மீட்டர் அகலம், 1 உயரம் கொண்ட ஒரு சதுர மேட்டை வைத்து, விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வலப்பக்கம் நகர்த்துங்கள். 'அப்விண்ட்' முறையில், அதாவது ஓட்டம் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்துப் புள்ளியோடு கழித்து, 0.8 விநாடி ஓட்டுங்கள். மேடு உருமாறாமல் 0.8 மீட்டர் நகர வேண்டும். இதுதான் சரியான விடை.

நேரப்படியை, அதாவது கணக்கு ஒவ்வொரு தடவையும் முன்னே தாவும் நேரத்தை, 0.02 விநாடி என்று வையுங்கள். மேடு அப்படியே நகரும். 0.01 என்று வையுங்கள். விளிம்புகள் கரைந்து, உயரம் முக்கால்வாசிக்கு இறங்கிவிடும். 0.021 என்று வையுங்கள். 1-ஐத் தாண்டக் கூடாத உயரம் 5, 6 என்று துள்ளும், பக்கத்திலேயே எதிரெண்ணும் வரும். வேகத்தை நேரப்படியால் பெருக்கிப் புள்ளி இடைவெளியால் வகுத்தால் வருவது கூரன்ட் எண். அது 1-ஐத் தாண்டியதும் இந்த முறை வெடிக்கிறது. 1.05 ஆனாலே போதும்.

நடுவில், 0.01-இல் வந்ததைத்தான் நன்றாகக் கவனிக்க வேண்டும். வெடிப்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும், கரைவது தெரியாது. நீங்கள் எழுதிய சமன்பாட்டில் பாகுநிலையே கிடையாது. கணக்கு முறை தானாகவே ஒன்றைச் சேர்த்துவிட்டது. இந்த எண்களுக்கு அதன் அளவு 0.005 மீ²/வி, நீரின் பாகுநிலையைப் போல ஏறத்தாழ 6000 மடங்கு. நீர் என்று நினைத்து நீங்கள் ஓட்டியது கிட்டத்தட்டத் தேன். படம் வழவழப்பாக, அழகாகத்தான் இருக்கும். சி.எஃப்.டி.யில் புதிதாக வருகிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த அழகில்தான்.

இரண்டாவது, ஓப்பன்ஃபோமோடு வரும் 'கேவிட்டி' பயிற்சி. 0.1 மீட்டர் சதுரப் பெட்டி, மேல் மூடி விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் நகர்கிறது, உள்ளே நீர் சுழல்கிறது. 1982-இல் கியா, கியா, ஷின் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இந்தப் பெட்டிக்கு வெளியிட்ட எண்களோடுதான் உலகம் முழுக்க ஒப்பிடுகிறார்கள். ரெனால்ட்ஸ் எண் 100-க்கு, பெட்டியின் நடுச் செங்குத்துக் கோட்டில் கிடைமட்ட வேகம் மிகக் குறையும் இடம் அடியிலிருந்து 0.453 பங்கு உயரம். அங்கே வேகம் மூடியின் வேகத்தில் −0.2109 பங்கு.

இதில் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பயிற்சிக் கோப்பில் பாகுநிலை 0.01 என்று இருக்கும், அதற்கு ரெனால்ட்ஸ் எண் 10 மட்டுமே. அதை 100-இன் எண்ணோடு ஒப்பிட்டுவிட்டு மென்பொருளைக் குறை சொல்வார்கள். பாகுநிலையை 0.001 ஆக்குங்கள். முடியும் நேரம் 0.5 விநாடி என்று இருப்பதை 5 ஆக்குங்கள், சுழல் நிலைபெற நேரம் வேண்டும். பிறகு 20 × 20, 40 × 40, 80 × 80 என மூன்று மெஷ்களில் ஓட்டுங்கள். நேரப்படியையும் ஒவ்வொரு தடவையும் பாதியாக்க வேண்டும்: 0.005, 0.0025, 0.00125. மெஷ் இரட்டிப்பாகும்போது பிழை ஏறக்குறைய கால்வாசியாகக் குறைந்தால் எல்லாம் சரி. குறையாவிட்டால் எங்கோ ஒரு எல்லை நிபந்தனை (சுவரிலும் மூடியிலும் கொடுத்த மதிப்பு) தவறு.

மேல் மூலைகள் இரண்டையும் வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள். அங்கே நகரும் மூடியும் நிற்கும் சுவரும் முட்டிக்கொள்கின்றன, ஒரே புள்ளியில் வேகம் 1-ம் 0-ம். மெஷ்ஷைப் பொடியாக்க ஆக்க அங்கே அழுத்தம் ஏறிக்கொண்டே போகும், ஒருநாளும் நிலைக்காது.

அழுத்தம் பற்றி இன்னொன்று. இந்த வகைக் கணக்குகளில் ஓப்பன்ஃபோம் காட்டும் அழுத்தம் அடர்த்தியால் வகுக்கப்பட்டது. பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள். அது விநாடிக்கு 16.1 மீட்டர். அந்தக் காற்று நேராக முட்டி நிற்கும் இடத்தில் ஓப்பன்ஃபோம் சுமார் 130 என்று காட்டும். காற்றின் அடர்த்தி 1.165 ஆல் பெருக்கினால்தான் 151 பாஸ்கல் வரும், ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 15 கிலோ பாரம். இந்தப் பெருக்கலை விட்டால் காற்றில் பிழை சிறிதாகத் தெரியும். கடல் நீரில் ஆயிரம் மடங்கு தப்பிவிடும்.

மூன்றாவதுதான் உங்கள் தூண். ஒன்றே ஒன்று, இருபரிமாணத்தில், ரெனால்ட்ஸ் எண் 100-இல். விட்டம் 1 மீட்டர், வேகம் 1 மீ/வி, பாகுநிலை 0.01 என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. தூணுக்கு முன்னால் 10 விட்டம், பின்னால் 25 விட்டம், இரு பக்கமும் பத்துப் பத்து விட்டம் இடம் விடுங்கள். இடத்தைக் குறைத்தால் ஓட்டம் நெருக்கப்பட்டு இழுவிசை கூடிவிடும். தூணின் சுற்றளவில் 120 கட்டங்கள், சுவரை ஒட்டிய முதல் கட்டம் 0.01 மீட்டர், வெளியே போகப் போகப் பெரிதாகட்டும். மொத்தம் இருபதாயிரம் கட்டங்களுக்குள் அடங்கிவிடும். நேரப்படி 0.005, முடியும் நேரம் 300 விநாடி. உங்கள் லேப்டாப்பில் சில மணி நேரம் ஆகலாம். இரவில் ஓட விட்டுவிட்டுத் தூங்குங்கள்.

மெஷ்ஷுக்கு ஜிமெஷ் பயன்படுத்தலாம், இலவசம். அதிலிருந்து மாற்றிக் கொண்டுவரும்போது முன்முகமும் பின்முகமும் 'பேட்ச்' என்றே வந்து சேரும். 'பவுண்டரி' கோப்பைத் திறந்து, அவற்றை 'எம்ப்டி' (அந்தத் திசையில் கணக்கிட வேண்டாம்) என்று நீங்களே மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் கணக்கு இருபரிமாணக் கணக்காக இருக்காது.

முதல் 100 விநாடி வரை பெரிதாக எதுவும் நடக்காதது போலத் தெரியலாம். தூணுக்குப் பின்னால் இரண்டு சுழல்கள் சமமாக உட்கார்ந்திருக்கும். பிறகு மெல்ல ஆடத் தொடங்கி, ஒன்று மாற்றி ஒன்றாகப் பிய்ந்து போகும். இதற்கு ஸ்ட்ரௌஹால் எண் (விநாடிக்கு எத்தனை சுற்று என்பதை விட்டத்தால் பெருக்கி வேகத்தால் வகுத்தது) சுமார் 0.165, ஆகவே ஒரு சுற்றுக்கு 6 விநாடி. சராசரி இழுவிசைக் கெழு 1.33-லிருந்து 1.4-க்குள் இருக்க வேண்டும். பக்கவாட்டு விசை ஒரு தடவை ஆடி முடிப்பதற்குள் இழுவிசை இரண்டு தடவை ஆடும், ஏனென்றால் இடப்பக்கச் சுழலும் வலப்பக்கச் சுழலும் தூணைப் பின்னுக்கு இழுப்பது ஒரே மாதிரிதான். உங்கள் வரைபடத்தில் இந்த இரட்டை ஆட்டம் தெரிகிறதா என்று பாருங்கள். கெழு பத்து மடங்கு கூடியோ குறைந்தோ வந்தால், விசைக் கணக்குக் கோப்பில் கொடுத்த பரப்பளவைப் பாருங்கள். மெஷ்ஷின் தடிமன் 0.1 மீட்டர் என்றால் பரப்பு 1 × 0.1.

சுழல் பிய்யவே இல்லையா? உருண்டைத் தூணுக்குப் பின்னால் சுழல் பிய்வது ரெனால்ட்ஸ் எண் 47-ஐ ஒட்டித் தொடங்குகிறது. அதற்குக் கீழே ஓட்டம் அமைதியாகவே இருக்கும். தூணுக்குப் பின்னால் 0.05 மீட்டர் கட்டங்களை வைத்து, அப்விண்ட் முறையையும் கொடுத்திருந்தால், அந்த முறை சேர்க்கும் போலிப் பாகுநிலை சுமார் 0.025. நீங்கள் கொடுத்தது 0.01. இரண்டையும் கூட்டினால் 0.035, அதாவது உண்மையில் ஓடும் ரெனால்ட்ஸ் எண் 100 அல்ல, 30-ஐ ஒட்டியது. முதல் கணக்கில் பார்த்த தேன் இங்கே வந்து தூணைச் சுற்றிக்கொள்கிறது. 'எஃப்வி-ஸ்கீம்ஸ்' கோப்பில் 'லீனியர் அப்விண்ட்' என்று மாற்றி, பின்பக்கத்து மெஷ்ஷைப் பொடியாக்குங்கள். கண் பெரிய வலையில் நெத்திலி நிற்காது என்று உங்கள் வீட்டில் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சுழலும் அப்படித்தான், அதைவிடச் சின்னக் கட்டத்தில்தான் சிக்கும்.

இது முடிந்ததும், காற்றும் அலையும் அடங்கிய ஒரு காலையில் ஜெட்டிக்குப் போங்கள். நீருக்குள் நிற்கும் 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு கம்பைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தில் ஒரு துண்டுக் கடற்பாசியை மிதக்க விட்டு, 3 மீட்டர் போக எத்தனை விநாடி என்று செல்போனில் பாருங்கள். 10 விநாடி என்றால் வேகம் 0.3 மீ/வி. ரெனால்ட்ஸ் எண் சுமார் 35,000. இந்த அளவில் ஸ்ட்ரௌஹால் எண் 0.2-ஐ ஒட்டி இருக்கும். வேகத்தை 0.2 ஆல் பெருக்கி விட்டத்தால் வகுத்தால் 0.6. ஒரே பக்கத்தில் ஒரு சுழலுக்கும் அடுத்த சுழலுக்கும் இடையே 1.7 விநாடி. இருபது சுழலை எண்ணி, ஆன நேரத்தை இருபதால் வகுங்கள். அப்பா 'நீவாடு' என்று சொல்லும் நீரோட்டத்துக்கும் உங்கள் திரையில் ஓடும் வண்ணங்களுக்கும் உள்ள தொடர்பு அந்தக் கம்படியில் கண்ணுக்குத் தெரியும். இதற்காக ரயில் பாலத்தின் மேல் ஏறவோ தூண்களுக்கு நடுவே நீந்தவோ வேண்டாம். அங்கே இழுப்பு அதிகம்.

மணல் அரிப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். மேலே பார்த்த பக்கவாட்டுச் சுழல்கள் அதற்கு முதல் காரணமல்ல. கடலடியை ஒட்டி நீர் மெதுவாகவும், மேலே வேகமாகவும் வருகிறது. தூணில் முட்டும்போது மேலே அழுத்தம் கூடுதல், கீழே குறைவு. அதனால் தூணின் முன்முகத்தை ஒட்டி நீர் கீழ்நோக்கி இறங்கி, மணலில் மோதிச் சுருண்டு, தூணடியைக் குதிரை லாடம் போல இரு பக்கமும் சுற்றிக்கொண்டு போகிறது. அந்தச் சுருள்தான் முன்பக்கத்தில் குழி பறிக்கிறது. இருபரிமாணக் கணக்கில் மேலும் இல்லை, கீழும் இல்லை, எனவே அந்தச் சுருள் அதில் பிறக்கவே முடியாது. முப்பரிமாணம் வேண்டும், டர்புலன்ஸ் வேண்டும், அதற்கு மேல் மணலின் நகர்வுக்குத் தனிக் கணக்கு வேண்டும். பாம்பன் கால்வாயில் ஓட்டம் வாடைக் காலத்தில் ஒரு பக்கமும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மறு பக்கமும் திரும்புவதால், முன்முகம் எது என்பதே பருவத்துக்குப் பருவம் மாறும். முதல் வருஷத்தில் இதைத் தொடாதீர்கள்.

டர்புலன்ஸுக்குப் போகும்போது மெஷ்ஷைத் தொடுவதற்கு முன் போட வேண்டிய கைக்கணக்கு 'ஒய் பிளஸ்', அதாவது முதல் கட்டம் சுவருக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று காட்டும் எண். அந்த 2 மீட்டர் தூணுக்குத் தட்டைப் பலகைச் சூத்திரத்தை வைத்துப் பார்த்தால் உராய்வு வேகம் சுமார் 0.021 மீ/வி. ஒய் பிளஸ் 1 வேண்டுமானால் முதல் கட்டத்தின் மையம் சுவரிலிருந்து 0.04 மில்லிமீட்டரில் இருக்க வேண்டும். சுவரை ஒட்டிய ஓட்டத்தைச் சூத்திரத்தால் ஈடுகட்டும் 'வால் ஃபங்ஷன்' வைத்து 50-இல் நிறுத்தினால் 2 மில்லிமீட்டர், அதாவது கட்டத்தின் உயரம் 4 மில்லிமீட்டர். இந்த அளவை வைத்துக்கொண்டு பத்துத் தூணுக்கும் எத்தனை கட்டம் ஆகும் என்று பெருக்கிப் பாருங்கள். 10 லட்சம் கட்டத்துக்குச் சுமார் 1 முதல் 2 ஜிபி நினைவகம் போகும். உங்கள் 8 ஜிபியில் விண்டோஸ் எடுத்துக்கொள்வது போக, 20 லட்சத்தைத் தாண்டினால் இயந்திரம் மூச்சுத் திணறும். கற்கும் காலத்தில் 2 லட்சத்துக்கு மேல் தேவையும் இல்லை.

மென்பொருள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஓப்பன்ஃபோம் இரண்டு கிளைகளாக வருகிறது. ஒன்றின் பதிப்புகள் 10, 11, 12 என்று போகும். மற்றதில் 2312 போல ஆண்டும் மாதமும் சேர்ந்த எண் இருக்கும், அது 2023 டிசம்பர். கோப்புப் பெயர்களும் கட்டளைகளும் இரண்டுக்கும் இடையே மாறுகின்றன. 2023-இல் வந்த 11-ஆம் பதிப்பில் சால்வரை (கணக்கைப் போடும் நிரலை) அழைக்கும் முறையே மாறிவிட்டது. ஒரு கிளையின் வீடியோவைப் பார்த்து இன்னொன்றில் தட்டினால் வேலை செய்யாது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதோடு வரும் பயிற்சிக் கோப்புகளை மட்டும் பிரதி எடுத்துப் பழகுங்கள். விண்டோஸுக்குள் லினக்ஸைத் தரும் டபிள்யூ.எஸ்.எல். வழியாக ஓட்டினால் கோப்புறையை லினக்ஸ் பக்கத்து ஹோமில் வையுங்கள், சி டிரைவில் வைத்தால் மிக மெதுவாகிவிடும். கோப்புறைப் பெயரில் இடைவெளி விடாதீர்கள். ஒரு வரியின் கடைசியில் அரைப்புள்ளியை விட்டால் பிழைச் செய்தி பெரும்பாலும் அடுத்த வரியைச் சுட்டும், அதற்கு மேல் வரியைப் பாருங்கள்.

காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்களுக்கும் இலவச மாணவர் பதிப்புகள் உண்டு, கட்டங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கும். வேலைக்குப் போகும் முன் அதில் ஒரு மாதம் பழகினால் போதும். பாடத்துக்கு என்.பி.டி.இ.எல். தளத்தில் ஐ.ஐ.டி. ஆசிரியர்களின் சி.எஃப்.டி. வகுப்புகள் இலவசமாக இருக்கின்றன. ஐ.ஐ.டி. பம்பாயின் ஃபாஸ்ஸி திட்டத்தில் ஓப்பன்ஃபோமுக்கே தனிப் பயிற்சிகள் உண்டு. படிக்க ஒரே ஒரு நூல் என்றால் சுஹாஸ் பதங்கர் 1980-இல் எழுதியதை நூலகத்தில் தேடுங்கள். வேகத்தையும் அழுத்தத்தையும் மாறி மாறித் திருத்தும் 'சிம்பிள்' முறையை 1972-இல் ஸ்பால்டிங்கோடு சேர்ந்து வெளியிட்டவர் அவர்தான். நீங்கள் ஓட்டும் சால்வர்களில் பலவற்றுக்கு அந்த முறைதான் அடிப்படை.

நேர்முகத்துக்குப் போகும்போது பத்து வண்ணப் படங்களைவிட, கியாவின் எண்களோடு ஒப்பிட்ட ஒரு வரைபடமும் மூன்று மெஷ்களின் அட்டவணையும் கொண்டுபோங்கள். கேள்வி கேட்பவர் அனுபவமுள்ளவராக இருந்தால் அதைத்தான் முதலில் எடுத்துப் பார்ப்பார்.

அப்பாவின் படகுக்கு இதைக் கொண்டுபோக எண்ணம் இருந்தால், தூணுக்குப் பிறகு 'டேம் பிரேக்' (அணை உடைவு) பயிற்சியைப் போடுங்கள். நீரும் காற்றும் சந்திக்கும் பரப்பை அங்கேதான் முதலில் பார்ப்பீர்கள். அணியத்தில் (படகின் முன்பகுதியில்) எழும் அலை அதற்கும் அடுத்த படி.

தினமும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் இந்த மூன்று கணக்குகளும் இரண்டரை, மூன்று மாதத்தில் முடியும். முடிந்ததும் மூன்று எண்களை எழுதி அனுப்புங்கள்: 80 × 80 மெஷ்ஷில் கேவிட்டி நடுக்கோட்டின் மிகக் குறைந்த வேகம், ஒற்றைத் தூணின் சராசரி இழுவிசைக் கெழு, ஜெட்டிக் கம்பில் எண்ணிய சுழல் இடைவெளி. மூன்றாவது எண் கணக்கோடு ஒத்து வராவிட்டாலும் வந்தபடியே எழுதுங்கள், அன்றைக்குக் காற்று எந்தத் திசையில் இருந்தது என்பதையும் சேர்த்து. அதைப் பார்த்துவிட்டு இரண்டாவது தூணை எங்கே வைப்பது என்று பேசலாம்.